பிடித்த வண்டைத் திரும்பப் பறக்கவிட்ட கதை

"பொறியில விழுந்த வண்ட எவனாவது திரும்பப் பறக்க விடுவானா அண்ணாச்சி?" எங்கள் விளையில் மரம் ஏற வரும் தம்பி என்னிடம் கேட்டது இது. கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கம்பியால் குத்திக் குத்தி வண்டு எடுத்த கை அது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது கல்குளம் பக்கம் எங்கள் தென்னைகளும் சாய்ந்தன. வெட்டி அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை, தடிகள் கிடந்த இடத்திலேயே மட்கின. மட்கிய தென்னந்தடியும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டுக்குப் பேறுகால வீடு. அதற்குப் பிறகு வைத்த கன்றுகளில் குருத்து விரியும்போதெல்லாம் கத்தரி போட்ட மாதிரி ஓலை வந்தது. சில கன்று மண்டை அழுகியே போச்சு. கடையில் கேட்டால், மண்டையிலும் எருக்குழியிலும் குருணை மருந்து போடுங்கள் என்றார்கள். அந்த எருதானே நம்ம காய்கறிக்குப் போகுது? மனசு வரல்ல.

அப்போதுதான் இந்த வண்டுக்கே உரிய நச்சுயிரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1963-ல் மலேசியாவில் ஆலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டுபிடித்தது. பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுக்கு இந்த வண்டு 1909 வாக்கில் இலங்கையிலிருந்து, ரப்பர் கன்றுகளோடு போய்ச் சேர்ந்திருந்தது. (ரப்பரும் தென்னையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு இது புரியும்.) அங்கே 1967-ல் நச்சுயிரியை விட்டார்கள், சேதம் நன்றாகவே குறைந்தது. 1980-களில் நம் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார் லட்சத்தீவின் மினிக்காயில் விட்டுப் பார்த்தார்கள், அங்கும் பலன் கிடைத்தது.

இதைத் தெளிப்பு மருந்து என்று நினைக்க வேண்டாம். வெயிலில் நிற்காது. வண்டேதான் இதைச் சுமக்கும் வண்டி. நோய் கண்ட வண்டு உடனே சாவதில்லை. குடலில் நச்சுயிரி பெருகி, எச்சத்தோடு வெளியே வரும். இணை சேரும்போதும், எருக்குழியில் புகும்போதும் மற்ற வண்டுக்கும் புழுவுக்கும் ஒட்டும். அது குறைவாகத் தின்னும், முட்டையும் குறையும், ஆயுசும் குறையும். புழுவுக்கு வந்தால் உடம்பு கண்ணாடி போலப் பளபளத்துச் செத்துப்போகும். தேனீக்கோ, ஆடுமாட்டுக்கோ, நமக்கோ ஒன்றும் செய்யாது.

எக்டேருக்கு 10 முதல் 15 வண்டு போதும் என்பது பரிந்துரை. காயங்குளத்தில் அந்த நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது, நமக்குப் பக்கம். நோய் ஏற்றிய வண்டுகளை அங்கிருந்து வாங்கி வந்து அந்தி நேரத்தில் விட்டோம். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் மினிக்காய் மாதிரி ஒரேயடியாகக் குறையும் என்று எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். அது தனித் தீவு. இங்கே பக்கத்து விளையிலிருந்து புது வண்டு வந்துகொண்டே இருக்கும். 2007-ல் குவாம் தீவில் புகுந்த வண்டினத்தை இந்த நச்சுயிரி சரியாகத் தாக்கவில்லை. ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்களில் காய்ப்புழுவுக்கு வேறொரு நச்சுயிரியைத் தெளிக்கிறார்கள், அதிலும் 2005 வாக்கில் ஜெர்மனியில் எதிர்ப்புத்திறன் கொண்ட புழுக்கள் தென்பட்டன. வேறு வகை நச்சுயிரி தேட வேண்டி வந்தது.

அதனால் மற்ற வேலையையும் விடவில்லை. மட்கிய தடிகளைப் பிளந்து எரித்தோம். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, மரத்துக்கு 150 கிராம் என்று குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போட்டோம். பொறியை மட்டும் கொஞ்ச காலம் எடுத்து வைத்தேன். விட்ட வண்டையே பிடித்துக் கொன்றால் என்ன பிரயோஜனம்?

அடுத்த வருஷம் எருக்குழி கிளறும்போது தம்பிதான் கூப்பிட்டான். உள்ளங்கையில் ஒரு செத்த புழு, வெயிலில் பிடித்தால் உள்ளே வெளுப்பாகத் தெரிந்தது. "சவம், கண்ணாடி மாதிரியில்லா இருக்கு" என்றான். இந்த வருஷக் குருத்துகளில் வெட்டு குறைவு. நச்சுயிரியாலா, பூஞ்சாணத்தாலா, தடி எரித்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து விளைக்காரர் இன்னும் தடிகளை அப்படியே போட்டிருக்கிறார். போன வாரம் அவரிடமும் பேசப் போயிருந்தேன்.