வெள்ளையடிக்கும் முன்னே தண்ணீருக்கு வழி பாருங்கள்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பிள்ளைகளின் துணிமணிக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்கள் வாங்குவது ஒரு வாளி பெயின்ட். பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு லயம் ஆட்கள் தூரிகையும் கையுமாக நிற்பார்கள். நீலம், பச்சை, ரோசா என்று ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு நிறம். பார்க்க அழகுதான். ஆனால் அடுத்த வைகாசி கழிந்து தென்மேற்கு மழை பிடித்ததும் அதே சுவர் கொப்புளம் போட்டு, செதில் செதிலாக உரிந்து, அடியில் பாசியும் ஏறிவிடுகிறது.

அண்மையில் ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது ஓர் அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷத்துல மூணு வாளி வாங்கிட்டோமுங்க ஐயா. சொவரு குடிச்சிக்கிட்டே இருக்கு. கடைக்காரரு நல்ல சாமான் குடுக்கலையோ என்னமோ?" என்றார். சுவரை விரலால் அழுத்திப் பார்த்தோம். பெயின்டுக்குப் பின்னால் பூச்சு நனைந்து மாவாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரைத் தகரம் சுவரைத் தாண்டி ஒரு சாண் கூட நீளவில்லை. குனிந்து பார்த்தால் கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து சுவரின் காலடியில் பள்ளம். கடைக்காரர் மேல் குற்றமில்லை. ஈரச் சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது.

ஆகவே வீட்டின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வேலையை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். முதலில் கூரை, பிறகு கூரைத் தண்ணீர் போகும் வழி, அதன் பிறகு சுவர். நிறம் கடைசி. சல்லி போதாவிட்டால் இந்த வரிசையில் எதுவரை எட்டுமோ அதுவரை செய்துவிட்டு நிறுத்துங்கள். மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

காலமும் முக்கியம். தீபாவளி வரும் ஐப்பசி மாதம் மலையகம் முழுவதும் பின்னேரத்தில் இடியும் மழையுமாக இருக்கும் காலம். சுவர் பூசவோ வெள்ளையடிக்கவோ அதைவிட மோசமான காலம் இல்லை. ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் முற்பணத்தில் சாமான்களை வாங்கி நனையாமல் வைத்துவிட்டு, தைப்பொங்கலையொட்டி வேலையைத் தொடங்கலாம். பங்குனி வரை ஓரளவு வெயில் கிடைக்கும். பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் தை மாதத்திலும் வடகீழ் மழை விடாது. அங்கே ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் உலர்ந்த நாட்கள்தான் தோது. எந்தச் சுவரில் மழை அடிக்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது. பண்டாரவளையில் அதில் பாதி கூட இல்லை. அயல் மாவட்டத்தில் இருக்கும் மச்சான் வீட்டில் நின்றது நம் வீட்டிலும் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

மேசன் பாஸைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எங்கே கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறது, எங்கே சேறு தெறிக்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்து, பிறகு அந்த இடங்களில் கரித்துண்டால் குறி போடுங்கள். வெயில் நாளில் வரும் பாஸுக்கு இதெல்லாம் தெரியாது.

இனிக் கூரைக்கு வருவோம். தகரம் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் மணல் மூட்டையும் ஏற்றி வைக்கிறோம். காற்றுக்கு வேறு வழி தெரியாமல் செய்வது அது. ஆனால் டயருக்கு அடியில் தண்ணீரும் சருகும் தங்கி, அந்த இடம் காய்வதே இல்லை. துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கல் உருண்டு தகரம் நசுங்கினால் அந்தக் குழியும் தண்ணீர் பிடிக்கும். இவற்றுக்குப் பதிலாகக் கூரைச் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி ஆணியை, தார் வாசரும் தகர வாசரும் போட்டு முடுக்குங்கள். எந்த ஆணியானாலும் தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. பக்கவாட்டில் ஒன்றரை மேடு, நீளவாட்டில் ஆறு அங்குலமாவது ஒரு தகரம் அடுத்ததன் மேல் ஏற வேண்டும்.

தகரம் மாற்றுவதாக இருந்தால் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை நீள விடுங்கள். அந்த நீளத்துக்குக் கீழே சட்டமும் நீள வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதைத்தான் முதலில் தூக்கும். வெளிப்புறச் சுவருக்குச் செய்யும் செலவுகளில் இந்த இரண்டு அடிக்கு நிகரானது வேறில்லை என்பது எங்கள் எண்ணம். புதிய தகரத்தின் ஓரத்தை ஈரச் சீமெந்து வைத்து அடைப்பதையும் பார்க்கிறோம். அது வேணாம். ஈரச் சீமெந்து தகரத்தின் மேல்பூச்சைத் தின்றுவிடும். அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட கூரையாக இருந்தால் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, காய்ந்த நிலையில் துளைக்கவோ, உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்து நோயாக வரும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, கைவாளால் அறுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

லயத்தில் இன்னொரு சிக்கல். காம்பரா பத்து, கூரை ஒன்று. மூன்றாம் காம்பராக்காரர் மட்டும் தகரம் மாற்றினால், நாலாம் காம்பராவின் ஓட்டைத் தண்ணீர் நடுச்சுவர் வழியே இறங்கி அவருடைய வீட்டையும் நனைக்கும். பெயின்டைத் தனித்தனியாக அடிக்கலாம். கூரையையும் கானையும் லயமே கூடிப் பேசித்தான் செய்ய முடியும். மாதர் சங்கக் கூட்டத்திலோ கோயில் கூட்டத்திலோ இந்தப் பேச்சை எடுப்பதில் தவறில்லை.

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். இஸ்தோப்பும் குசினியும் சேர்த்து ஒரு காம்பராவின் கூரை 12 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 22 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 1100 லீற்றர் கீழே விழுகிறது. பத்துக் காம்பரா லயத்துக்கு 11,000 லீற்றர். இது அத்தனையும் சுவரின் காலடியில் விழுந்தால் அத்திவாரம் என்ன ஆகும்?

ஆகவே கூரைப் பீலி போட முடிந்தவர்கள் போடுங்கள். பத்து அடிக்கு ஓர் அங்குலம் சரிவு, மூன்று அடிக்கு ஒரு தாங்கி. பக்கத்தில் சவுக்கு, சபுக்கு மரம் இருந்தால் மாதத்துக்கு ஒரு தரம் சருகு அள்ள ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் பீலியே வேண்டாம், அடைபட்ட பீலி சுவரை நனைப்பது போல வேறெதுவும் நனைக்காது. பீலித் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பவர்கள் நுளம்பு போகாமல் மூடி வையுங்கள்.

பீலி இல்லாவிட்டால் கீழே தண்ணீர் விழும் கோட்டில் ஏதாவது செய்ய வேண்டும். வசதியிருந்தால் சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்தில், மூன்று அங்குலக் கனத்தில் கொங்கிறீற் பட்டை போடலாம். சீமெந்து 1, மணல் 2, கல் 4. வெளிப்பக்கம் மூன்று அடிக்கு ஓர் அங்குலமாவது சரிய வேண்டும். வசதி இல்லாவிட்டால் அதே இடத்தில் உடைகல்லை நாலு அங்குலம் பரப்பி விடுங்கள். சேறு தெறிப்பது அதிலேயே நின்றுவிடும். மண் மட்டம் வீட்டுத் தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். சுவரோடு சேர்த்து மண் குவித்து டேலியாவும் ரோசாவும் வைத்திருப்பவர்கள் பாத்தியைக் கானுக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். நாங்கள் பூவுக்கு எதிரிகள் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள கானை எப்போதும் திறந்து வையுங்கள். குசினியை நீட்டுவதற்காக அந்த மேட்டை மம்பட்டியால் செதுக்கவே வேண்டாம். மேட்டின் காலை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடி இல்லை. மேட்டில் புது வெடிப்பு, இருந்தாற்போல் சேற்று ஊற்று, சாய்ந்து வரும் மரம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அலங்கார வேலையை விட்டுவிட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பரிசோதிப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்கடியில் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது சுவர். இங்கேதான் நல்ல மனதோடு செய்து கெடுத்துக்கொள்கிறோம். பழைய லயங்களில் பல, கருங்கல்லை மண்ணோடோ சுண்ணாம்புச் சாந்தோடோ அடுக்கி, மேலே சுண்ணாம்புப் பூச்சுப் பூசியவை. இந்தச் சுவர் மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும். வெயில் வந்ததும் அதை வெளியே விட்டுவிடும். அதன் மேல் கெட்டிச் சீமெந்து பூசி, அதற்கு மேல் எனாமல் பெயின்டும் அடித்தால், உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. நனைந்த சாக்கைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டின மாதிரி. ஒன்று பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். அல்லது ஈரம் உள்பக்கமாக வந்து, பிள்ளை படுக்கும் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

உங்கள் சுவர் எந்த வகை என்று அறிய ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் சீமெந்து. விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் அந்த இடத்தைச் சுண்ணாம்பு 1, மணல் 3 கலவையால் அடையுங்கள். சேறு தெறிக்கும் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் உறுதி தேவை; அங்கே சீமெந்து 1, சுண்ணாம்பு 2, மணல் 9 போதும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். சில நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வைத்தால் வெடிக்காது.

பிறகு சுண்ணாம்பு வெள்ளை. கிலோவுக்கு 5 லீற்றர் தண்ணீர் கணக்கில் கலந்து, ஒரு நாள் ஊற விட்டு, துணியால் வடித்து, பால் பதத்தில் இரண்டு மூன்று தரம் மெல்லியதாக அடியுங்கள். கெட்டியாக ஒரே தரம் அடித்தால் உதிரும். கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் கையில் ஒட்டாது. பழைய பெயின்ட் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். சுட்ட கல்லுச் சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி, மலைக்குப் போடும் டொலமைற் தூளைக் கரைத்துச் சுவரில் அடித்துவிட்டு, "ஏன் ஐயா கழுவிக்கிட்டுப் போவுது?" என்று கேட்டார். அது சுடாத கல்லின் தூள், சுவரில் இறுகாது.

சுண்ணாம்பு வெள்ளையையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அது உரிவதில்லை, தேய்கிறது. அதனால் அடுத்த தரம் சுரண்டும் வேலை இல்லை. செலவு குறைவது அங்கேதான். சேறு படும் இரண்டடிக்குச் செம்மண் நிறத்தூள் கலந்த சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்தால் அழுக்குத் தெரியாது.

சீமெந்துக் கல்லால் கட்டிய புதிய தனி வீடுகளுக்கு வெளிச்சுவர் பெயின்ட் சரிதான். புதுப் பூச்சு நாலு வாரம் காய்ந்த பிறகு அடியுங்கள். கதவு, ஜன்னலுக்கு முதல் பூச்சு ஒன்று, எனாமல் இரண்டு. கதவின் கீழ் விளிம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உளுத்துப் போவது அங்கிருந்துதான்.

"நம்ம பேருல உறுதி இல்லாத காம்பராவுக்கு எதுக்கு ஐயா சல்லி போடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அப்படியானவர்கள் கழற்றி எடுத்துப் போகக்கூடியதில் சல்லியைப் போடுங்கள்: கொக்கி ஆணியில் பூட்டிய தகரம், தாங்கியில் வைத்த பீலி, தண்ணீர்த் தாங்கி. கொங்கிறீற் பட்டை, பின்பக்கக் கான், மண்மேட்டுக்குக் கல் அணை போன்றவற்றை முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். லயத்தில் கூரையைத் தொடுவதற்கும் அனுமதி தேவை. வாயால் கேட்டுவிட்டு வராமல், லயத்திலுள்ள எல்லாக் குடும்பமும் கையொப்பம் வைத்த ஒரு கடிதமாகக் கொடுங்கள். மழை நாளில் கரித்துண்டால் குறித்த இடங்களை அதில் காம்பரா இலக்கத்தோடு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலகத்தில் திகதி போட்டு ஒப்பம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.