160 கினிக்கு வாங்கிய குதிரை

பிறந்தது நியூசிலாந்தில். புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவில். உயிர் விட்டது அமெரிக்காவில். 'பார்லாப்' என்ற பந்தயக் குதிரையின் கதை இது.

1928-ல் ஏலத்தில் 160 கினி கொடுத்து இதை வாங்கினார், டேவிஸ் என்ற வியாபாரி. யோசனை சொன்னவர் பயிற்சியாளர் டெல்போர்டு. வந்து சேர்ந்ததோ எலும்பும் தோலுமான குதிரை! முகத்தில் மரு. பயிற்சிச் செலவு தர டேவிஸ் மறுத்தார். டெல்போர்டு 3 ஆண்டு குத்தகைக்கு எடுத்துத் தானே பழக்கினார்.

முதல் பந்தயத்தில் கடைசி. ஐந்தாவதில்தான் வெற்றி. ஆனால் மொத்தம் ஓடிய 51 பந்தயங்களில் 37 வெற்றி!

துப்பாக்கிச் சூடு

அது வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். ஏழைகளுக்கு இந்தக் குதிரை செல்லப்பிள்ளை, புக்கிகளுக்கோ எமன்! 1930 நவம்பர் 1-ந்தேதி காலை மர்ம ஆசாமிகள் அதை நோக்கிச் சுட்டனர். குண்டு படவில்லை. அன்றே ஒரு பந்தயத்தில் வென்றது. 3 நாள் கழித்து மெல்போர்ன் கோப்பையும் அதற்கே!

கண்ணை இமை காப்பதுபோல் காத்தவர், குதிரைக்காரர் டாமி உட்காக். படுக்கையும் குதிரையின் பக்கத்திலேயே.

16 நாளில் மரணம்

1932 மார்ச் 20-ந்தேதி மெக்சிகோவில் பெரிய வெற்றி. ஏப்ரல் 5-ந்தேதி கலிபோர்னியாவில், உட்காக்கின் கண் முன்பே துடிதுடித்து இறந்தது. பிற்காலத்தில் ரோமத்தை ஆராய்ந்தபோது ஆர்சனிக் என்ற விஷம் தெரிந்தது. சதியா, மருந்தின் கோளாறா? வாதம் ஓயவில்லை.

பாடம் செய்த தோல் மெல்போர்னில்; எலும்புக்கூடு வெலிங்டனில்; இதயம் கான்பெராவில். எலும்பும் தோலும் என்று ஒதுக்கப்பட்ட குதிரையை, இன்று இரண்டு நாடுகள் 'எங்கள் குதிரை' என்று சொந்தம் கொண்டாடுகின்றன.