லேசரா, மல்டிஃபோகலா? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், பல தனியார் மருத்துவமனைகளில் டாக்டரைவிட அதிக நேரம் பேசுபவர் கவுன்சலர்தான். சாதாரண லென்ஸ், மல்டிஃபோகல் லென்ஸ், அதற்கும் மேலே லேசர் என்று விலைப்பட்டியலை விரிப்பார். "அப்பாவுக்கு நல்லதாவே வெச்சிடலாமே" என்றதும் பிள்ளைகளால் மறுக்க முடிவதில்லை. கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள்.

லேசர் புரையைக் கரைத்துவிடாது. விழியில் திறப்பு போடும், லென்ஸ் உறையை வட்டமாக வெட்டும், புரையைத் துண்டாக்கும். அதன்பின், லேசர் இல்லாத வழக்கமான ஆபரேஷனில் பயன்படும் பேக்கோ கருவிதான் புரையை உறிஞ்சி எடுக்கிறது. பிரான்சில் 5 மருத்துவமனைகள் லேசர் முறையையும் வழக்கமான பேக்கோ முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வெளியானது. பார்வையிலும் சரி, சிக்கல்களிலும் சரி, லேசர் முறை பேக்கோவை மிஞ்சவில்லை.

மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரிக்கிறது. பலர் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம்; மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு பிரிந்து தெரியாமல் போகலாம். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இதை இரண்டுமுறை யோசிக்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும், கண் அழுத்த நோய் முற்றியவர்களுக்கும் பொதுவாக இந்த லென்ஸை வைப்பதில்லை. விழித்திரையைப் பரிசோதிக்காமல் இதைச் சிபாரிசு செய்தால் சம்மதிக்காதீர்கள். சாதாரண லென்ஸிலும் தூரப்பார்வை தெளிவாகவே இருக்கும். படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும்.

என்னென்ன மாற்றுவழி, என்னென்ன ஆபத்து என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தபிறகு நீட்டும் படிவத்தை எப்படிப் படிக்க முடியும்? படிவத்தை முதல்நாளே, தமிழில் கேளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு தரும் என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்; பல பாலிசிகளில் கண்புரைக்கு உச்சவரம்பு உண்டு.

பார்வை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதாலேயே அது மருத்துவரின் கவனக்குறைவு ஆகிவிடாது. ஆபத்தை மறைத்திருந்தாலோ, சொன்ன லென்ஸுக்குப் பதில் வேறு வைத்திருந்தாலோ 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

எந்த லென்ஸ் வைத்திருந்தாலும், ஆபரேஷனுக்குப் பின் வலி கூடி, கண் சிவந்து, பார்வை திடீரென மங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.