உங்களுக்குத் தெரியுமா? கிருமியில்லாத நீர்க்கடுப்பு

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் பகலெல்லாம் அமர்ந்து பட்டு நெய்யும் ஒரு பெண்மணிக்கு, அடிவயிற்று வலியும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவஸ்தையும் மாதக்கணக்கில் நீடித்து, பரிசோதனையில் கிருமி எதுவும் தென்படாவிடில், அதனை வெறும் உடற்சூடென்றோ மனப்பிரமையென்றோ அலட்சியம் செய்தல் தகாது.

இத்தகையோரில் சிலரது சிறுநீர்ப்பையில் காணப்படும் புண்ணை 1915-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கை ஹன்னர் விவரித்தார். சரீரத்தின் காப்புச் சக்தியே சொந்த அங்கங்களைத் தாக்கும் லூபஸ், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் முதலிய வியாதிகள் உள்ளோரிடம் கிருமியில்லாத இந்நீர்க்கடுப்பு மற்றவரைவிட அதிகம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின.

முற்றிலும் நீங்காவிடினும், தக்க சிகிச்சையால் இது தணியும். ஆகவே, மேற்கூறிய வியாதிகளின் அறிகுறியாக இருக்கக்கூடிய மூட்டுவலியோ கண்வறட்சியோ உடனிருப்பின், அதனையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.