பள்ளி விட்ட பிறகு நம் பிள்ளைகள்: அதிகாரிகளின் ஆதரவைப் பெறுவது எப்படி?

மாலை நான்கரை மணிக்குப் பள்ளி விடுகிறது. வாப்பா கடையில் இருக்கிறார் அல்லது வளைகுடாவில் இருக்கிறார். உம்மாவுக்கு வீட்டு வேலையோடு தையல் வேலையும் சேர்ந்திருக்கிறது. அஸருக்குப் பிறகு மக்தபில் ஒரு மணி நேரம் போகிறது. அதன் பின் இரவுச் சாப்பாடு வரை பிள்ளை எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. மற்றப் பிள்ளைகளுக்குத் தெருமுனையும் கைப்பேசியும்தான். கணக்கில் பின்தங்கிய பையனுக்கு எட்டாம் வகுப்பில் பள்ளி கசக்கத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்போடு அவன் கடைக்குப் போய்விடுகிறான். நமது பல மஹல்லாக்களில் கண்ணால் காணும் நடப்பு இது.

இதற்கு நல்ல மருந்து, மாலை நேரப் படிப்பு மையம். ஆர்வத்தோடு தொடங்கி ஆறே மாதத்தில் மூடப்பட்ட மையங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இடமில்லை, விளக்கில்லை, சொல்லிக்கொடுக்க வந்தவர் நிலைக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் துணை நின்றால் இந்தச் சிரமங்களில் பாதி தீரும். அந்தத் துணையைப் பெறும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அரசுக்கு இது புதிய விஷயமல்ல

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளின் படிப்பில் விழுந்த இடைவெளியை நிரப்ப, தமிழக அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. நடத்தியவர்கள் அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆகவே மாலை வகுப்பு என்றால் என்ன, அதனால் என்ன பயன் என்று எந்த அதிகாரிக்கும் நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. 'எங்கள் தெருவில் நடக்கிறது, இந்த உதவி தேவை' என்று சொன்னால் போதும்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவிலிருந்து பதினைந்து பேர் ஒரு கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். சால்வை போட்டோம். பதினொரு கோரிக்கைகள் கொண்ட மனுவைக் கொடுத்தோம். நூலகம், கணினி, மைதானம், கழிவறை என்று எல்லாம் அதில் இருந்தன. படம் எடுத்துக்கொண்டோம். "பார்க்கலாம் பாய்" என்றார். அத்தோடு முடிந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினொன்றில் எது அவசரம் என்று நமக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நம்மிடம் மனு இருந்ததே தவிர, மாலையில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பிள்ளைகூட இல்லை.

அடுத்த ஆண்டு முறையை மாற்றினோம். ஜமாஅத் மண்டபத்தின் ஒரு மூலையில் பதினெட்டுப் பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினோம். கல்லூரியில் படிக்கும் இரண்டு சகோதரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த தெருவின் இந்து வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். தினமும் வருகைப் பதிவு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்க வாசிப்பும் நான்கு கணக்கும். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவேட்டோடும் இரண்டு தாய்மார்களோடும் மீண்டும் போனோம். கோரிக்கை ஒன்றே ஒன்று: மாலை 5 முதல் 7 வரை நகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறை.

பேசியது நாமல்ல, ஒரு தாய். "என் மகன் நாலாவது படிக்கிறான். போன மாசம்தான் பஸ் போர்டை எழுத்துக்கூட்டாம வாசிச்சான்" என்றார். கவுன்சிலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வாரமே தலைமையாசிரியரிடம் பேசினார்.

யாரிடம் எதைக் கேட்பது?

ஒருவருடைய கையில் இல்லாததை அவரிடம் கேட்டால் கிடைப்பது ஆறுதல் வார்த்தை மட்டுமே.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் வகுப்பறை, நூலகக் கட்டடம் போன்ற நிலையான பணிகளைக் கேட்கலாம். ஆசிரியர் சம்பளத்தைக் கேட்க முடியாது. தெருவிளக்கு, குடிநீர், பள்ளியைச் சுற்றிய சுகாதாரம் ஆகியவை கவுன்சிலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கேட்க வேண்டியவை. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஆகவே கிளை நூலகத்தில் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்க இடம் கேட்பது யாசகமல்ல.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் அதில் உறுப்பினராக வேண்டும், கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே நிறைவேறும் தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிடும். ஆள் மாறினாலும் அது நிற்கும்.

அவர்களுக்கும் பயம் உண்டு

தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். சாவி யாரிடம் இருக்கும்? ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு? பெண் பிள்ளைகள் இருட்டில் எப்படி வீடு திரும்புவார்கள்? மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது? இவற்றை நாம் தடை என்று நினைத்துக் கோபப்பட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாளில் விடை எழுதி, பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வர நான்கு மாதம் ஆனது. அதுவரை மண்டபத்து மூலையில் வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நிறுத்தியிருந்தால் அனுமதியும் வந்திருக்காது.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. எனவே மக்தப் நம் பள்ளிவாசலில், நம் செலவில் நடக்கட்டும். படிப்பு மையம் தனியாக, எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். இப்படிப் பிரித்து வைத்தால் ஆதரவு தருகிறவருக்கும் சங்கடமில்லை. நாளை எவரும் குறை சொல்லவும் வழியில்லை.

வந்து பார்க்கச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு நாள் தங்கள் கதவுகளைத் திறந்து வைத்து, பெற்றோரையும் மேயர்களையும் மக்கள் பிரதிநிதிகளையும் அழைக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் இந்த வழக்கம் நடக்கிறது. 2017இல் அதிபர் டிரம்ப்பின் நிதிநிலைத் திட்டம், இத்தகைய மையங்களுக்கான சுமார் 120 கோடி டாலர் மத்திய நிதியை அடியோடு நிறுத்த முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை, நிதி தொடர்ந்தது. இரு கட்சிகளிலும் இந்த மையங்களுக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. ஒரு கட்சிக்காரரை மட்டும் அழைக்காதீர்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வட்டாரக் கல்வி அலுவலர், நூலகர் என எல்லோரையும் அழையுங்கள். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். வகுப்பு நடக்கும்போது வந்து பாயில் உட்காரட்டும். ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்கட்டும். உதவி கிடைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'நீங்கள் தந்த வகுப்பறையில் இன்று இத்தனை பிள்ளைகள்' என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். கேட்க மட்டுமே வருகிறவர்களை அன்றாடம் பார்க்கும் அவர்களுக்கு, நன்றி சொல்ல வருகிறவர் மறக்காது.

நமது முதல் மனுவுக்கும் இரண்டாவது சந்திப்புக்கும் இடையே ஓராண்டு கடந்தது. அந்த ஓராண்டில் நம் தெருவில் மூன்று பையன்கள் படிப்பை விட்டார்கள். அவர்களில் ஒருவன் இன்று பஜாரில் ஒரு கடையில் நிற்கிறான். பார்க்கும்போதெல்லாம் மரியாதையோடு ஸலாம் சொல்கிறான். பதில் சொல்லும்போது நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. உங்கள் மஹல்லாவில் அந்த ஓராண்டு வீணாக வேண்டாம். பத்துப் பிள்ளைகளோடு, ஒரு பதிவேட்டோடு இந்த வாரமே தொடங்குங்கள். கேட்க வேண்டியதை அதன் பிறகு கேட்போம், இன்ஷா அல்லாஹ்.