வெள்ளெழுத்து

ஊசியின் காதில் நூலைக் கோக்கப் பேத்தியை அழைக்கும் பாட்டியைக் காணாத வீடு அரிது. அவர் ஊசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். வெளிச்சத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பிறகு 'வயதாகிவிட்டது' என்று சொல்லி ஊசியைக் கொடுத்துவிடுவார். இக்குறைக்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். சாளேசரம் என்றும் வழங்குவர். நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்னும் இந்துத்தானிச் சொல்லின் அடியாக அப்பெயர் பிறந்தது. மராத்தியரும் இதனைச் 'சாளிசி' என்றே அழைக்கின்றனர்.

கண்ணின் பாவைக்குப் பின்னால் உள்ள விழிவில்லை இளமையில் நெகிழ்வானது. அருகிலுள்ள பொருளைக் காணும்போது அது தடித்தும், தொலைவிலுள்ளதைக் காணும்போது மெலிந்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். வயது ஏற ஏற வில்லை இறுகுகிறது, அருகிலுள்ளவை மங்குகின்றன. இம்மாற்றம் செல்வர், வறியவர் என்று பார்ப்பதில்லை. ஆனால், அதன் விளைவு பார்க்கிறது. அலுவலகத்தில் பணிபுரிபவர் எழுத்து மங்கிய வாரமே கண்ணாடி வாங்கிவிடுகிறார். வீட்டிலிருந்தபடி இரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கும் பெண்ணோ, நுண்ணிய வேலையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறார். வருவாய் குறைந்ததற்குக் கண் காரணம் என்று அவர் கருதுவதில்லை. கை தளர்ந்துவிட்டதாக எண்ணுகிறார்.

படிக்காதவர்க்குக் கண்ணாடி எதற்கு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அதற்கு விடை அசாமின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தது. 40 வயதைக் கடந்த, வெள்ளெழுத்து உடைய 751 தோட்டத் தொழிலாளர்கள் 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு விலை குறைந்த கண்ணாடி உடனே வழங்கப்பட்டது. மற்றவர்க்கு ஆய்வின் முடிவில் வழங்கப்பட்டது. நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடையை ஒப்பிட்டபோது, கண்ணாடி பெற்றோரின் உழைப்புத்திறன் மற்றவர்களைவிட ஏறத்தாழ 21.7 விழுக்காடு மிகுதியாக உயர்ந்திருந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் வேலைக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. கூரிய பார்வை வேண்டும். முதிர்ந்த இலையையும் இளங்கொழுந்தையும் பிரித்தறிவது கண்ணின் வேலை. 2024ஆம் ஆண்டு வெளியான வங்கதேச ஆய்வொன்று, வாசிப்புக் கண்ணாடி பெற்றோரின் வருவாய் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாகக் கூறுகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் பார்வைக் குறைபாடு உடையவர்கள். அவர்களுள் 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது. அல்லது இன்னும் உரிய தீர்வைப் பெறாதது. அந்த 100 கோடியில் 82.6 கோடிப் பேருக்குத் தேவைப்படுவது வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டுமே.

கண்புரையின் கதை வேறு. அங்கே வில்லை இறுகுவதோடு நில்லாமல் ஒளி ஊடுருவாதபடி வெண்மை படர்கிறது. இதற்கு மருந்து இல்லை; அறுவை மருத்துவமே வழி. வில்லையை அகற்றியபின் அதன் இடத்தில் எதை வைப்பது என்னும் சிக்கல் நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் தெறித்த நெகிழிச் சில்லுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த ஆங்கில மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949இல் இலண்டனில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். ஆயினும் அவ்வில்லை எல்லார்க்கும் எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்ததால் வசதியுள்ளோர் வில்லை பெற்றனர். ஏழைகள், மக்கள் 'சோடாபுட்டிக் கண்ணாடி' என்று குறிப்பிடும் தடித்த கண்ணாடியைப் பெற்றனர். அக்கண்ணாடி பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும். பக்கவாட்டில் வருவதை மறைக்கும். படியிறங்கும் கால் தடுமாறும். வயலில் விழுந்து உடைந்துவிட்டால் அவர் மீண்டும் பார்வையற்றவரே. ஒரே நோய்க்கு இருவகைப் பார்வை இருந்த காலம் அது.

அந்த இடைவெளியைக் குறைத்ததில் மதுரைக்குப் பங்குண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப்பின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு மருத்துவம் செய்வது அதன் முறை. 1992இல் அந்நிறுவனத்தின் சார்பில் தொடங்கப்பட்ட ஆரோலேப், செயற்கை வில்லைகளை மிகக் குறைந்த விலையில் தயாரித்தது. தடித்த கண்ணாடி மெல்ல மறைந்தது.

அறுவை இலவசமாயினும் எல்லாரும் வந்துவிடுவதில்லை. நகருக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். நோயாளியின் கூலி போவதோடு உடன்செல்பவரின் கூலியும் போகும். 'புரை முற்றட்டும்' என்று காத்திருக்கும் வழக்கம் இன்னொரு தடை. வில்லையை உறையோடு முழுமையாக எடுத்த பழங்காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. இன்றோ புரையை முற்றவிட்டால் வில்லை கல்போல் இறுகி அறுவை கடினமாகும். சிலருக்குக் கண்ணின் நீரழுத்தமும் உயரும். எனினும், பழைய அறிவுரை ஊரில் நிலைத்துவிட்டது. பெண்கள் மேலும் தாமதிக்கின்றனர். உழைத்துப் பொருளீட்டும் ஆணின் கண்ணுக்கு முதலிடம் தரும் வீடுகளில், தாயின் கண் திருமணம், அறுவடை, தேர்வு ஆகிய எல்லாம் முடிந்தபின் நினைவுக்கு வருகிறது. உலகில் பார்வைக் குறைபாடுடையோருள் 55 விழுக்காட்டினர் பெண்களாக இருப்பதற்கு நீண்ட ஆயுள் மட்டும் காரணமன்று.

இதனால்தான், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவம் ஊரை நோக்கிச் செல்லத் தொடங்கியது. சிற்றூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுப் பணிபுரியும் பார்வை மையங்கள் தோன்றின. அங்கு எடுக்கப்படும் கண்ணின் படங்களை நகரிலுள்ள மருத்துவர் இணையத்தின்வழிப் பார்த்து அறிவுரை கூறுகிறார். கண் முகாம்களில் கண்ணாடியை அன்றே அளிக்கும் ஏற்பாடும் வந்தது. 'அடுத்த வாரம் வாருங்கள்' என்னும் ஒரு சொல், கூலித் தொழிலாளிக்கு இன்னொரு நாள் கூலியின் இழப்பு. அந்த இழப்பைத் தாங்க இயலாதவர் கண்ணாடி இல்லாமலே வேலைக்குத் திரும்பிவிடுவார்.