குளியலறைச் சுவர் நீர்க்காப்பு

குளியலறைச் சுவர் நீர்க்காப்பு என்பது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவரில் நீர் புகாத பூச்சு இடும் பணியாகும். டைல்ஸ் நீரை உறிஞ்சாவிட்டாலும், அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் சிமெண்ட் கலவை நுண்துளைகள் கொண்டது. அதன் வழியே புகும் ஈரம் நாளடைவில் சுவர்ப்பூச்சை உதிர்க்கும். கான்கிரீட் கம்பிகளையும் துருப்பிடிக்கச் செய்யும்.

செய்முறை

பழைய டைல்ஸையும் தளர்ந்த சுவர்ப்பூச்சையும் அகற்றிச் சுவரைச் சீராக்குவர். கசிவு எளிதில் தொடங்கும் இடங்களான மூலைகளிலும் குழாய்களைச் சுற்றியும் கண்ணாடியிழை வலைப் பட்டை பதிப்பர். பின்னர் சிமெண்டும் பாலிமர் திரவமும் சேர்ந்த கலவையைப் பூசி, அது உலர்ந்தபின் குறுக்காக இரண்டாம் முறை பூசுவர். ஆஸ்திரேலியத் தரநிலையின்படி ஷவர் பகுதிச் சுவரில் நீர்க்காப்பு குறைந்தது 1800 மி.மீ. உயரம் இருக்க வேண்டும்.

சோதனை

தரைக்கும் இதே பூச்சு இட்டு, 24 மணி நேரம் நீர் தேக்கிக் கசிவு இல்லை என உறுதிசெய்த பின்னரே டைல்ஸ் ஒட்டுவது நல்லது. ஒட்டியபின் கசிவு தெரிந்தால், பெரும்பாலும் டைல்ஸை உடைத்தே சரிசெய்ய நேரும்.